ஜீப்பு வாங்கப் போறீங்களா பாஸ்?

கேன்டீன்ல நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தா, அதுல ஒருத்தர் போன்ல கண்டிப்பா ஒரு ஜீப் படம் இருக்கு. சேறு தெறிக்குது, முன்சக்கரம் ஒண்ணு அந்தரத்துல தொங்குது, கூரை மேல நாலு லைட்டு, பின்னாடி பெருசா ஒரு ஸ்டெப்னி. பார்த்துட்டு, 'ஒரு நாள் வாங்கறோம்டா'ன்னு ஒரு பெருமூச்சு. அந்த 'ஒரு நாள்' வர்றதுக்குள்ள நாம கொஞ்சம் உட்கார்ந்து பேசிடலாம். முதல் சம்பளம் கைக்கு வந்த சூட்டோட இந்த ஆசையில இறங்கி மாட்டிக்கிட்டவங்க நிறையப் பேர் இருக்காங்க. சேத்துல மாட்டினவங்களைக் கயிறு கட்டி இழுத்துடலாம். லோன்ல மாட்டினவங்களை இழுக்க எந்தக் கயிறும் இல்ல பாஸ்.

முதல்ல சின்னதா ஒரு அதிர்ச்சி வைத்தியம். ரோட்டுல நீங்க வாய் பிளந்து பார்க்கிற 'தார்' எல்லாமே நாலு சக்கரத்துக்கும் பவர் போற வண்டி இல்ல. 2023 ஜனவரியில பின்சக்கரத்துக்கு மட்டும் பவர் போற மாடலையும் மஹிந்திரா இறக்கிட்டாங்க. வெளித்தோற்றம் ஏறக்குறைய அதே, பந்தாவும் அதே. ஆனா செம்மண் ஏத்தத்துல ஒரு மழை பெய்ஞ்சதும் விஷயம் வெளிய வந்துடும். செகண்ட்ஸ்ல வாங்கறவங்க கதவைத் திறந்து, கியர் லீவருக்குப் பக்கத்துல இன்னொரு குட்டி லீவர் இருக்கான்னு பாருங்க. சில வண்டிகள்ல அது திருகாவோ பட்டனாவோ இருக்கும். உங்க காசுக்கு அர்த்தம் அங்கதான் இருக்கு.

அந்தக் குட்டி லீவர் என்ன பண்ணுது? மூணு வேலை. '2ஹெச்'ல இருந்தா சாதாரண கார் மாதிரி பின்சக்கரம் மட்டும் தள்ளும். '4ஹெச்' போட்டா முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். '4எல்'லுக்குத் தள்ளினா கியர் விகிதமே மாறிடும். வண்டியோட வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, சக்கரத்துக்குப் போற இழுவை ரெண்டு, ரெண்டரை மடங்கு ஏறிடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து பாறை ஏறுறது இதனாலதான். இறக்கத்துலயும் பிரேக்கைத் தொடாம இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். ஆஃப்-ரோடுன்னா வேகம்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற நம்ம பசங்களுக்கு இது கொஞ்சம் ஏமாத்தமா இருக்கலாம். தெரிஞ்சவங்க ஓட்டறதைப் பார்த்தா தூக்கம் வரும். அவ்வளவு மெதுவா போவாங்க.

இன்னொண்ணு, காஞ்ச தார் ரோட்டுல '4ஹெச்' போட்டுக்கிட்டு கெத்தா ஓட்டாதீங்க. திருப்பத்துல முன்சக்கரம் சுத்துற வட்டம் பெருசு, பின்சக்கரம் சுத்துறது சின்னது. நம்ம ஊர் ஜீப்புகள்ல ரெண்டையும் ஒரே வேகத்துல பூட்டி வைக்கிறதாலே, சக்கரம் எங்கயாவது கொஞ்சம் வழுக்கித்தான் அந்த வித்தியாசத்தைச் சரி பண்ணிக்கணும். மண்ணுல வழுக்கும். தார்ல வழுக்காது. அந்த இறுக்கமெல்லாம் கியர் பெட்டிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் பட்டறைக்காரர் சொல்ற தொகையைக் கேட்டா உங்களுக்கே காய்ச்சல் வரும்.

சரி, நாலு சக்கரமும் இழுக்குதே, இனி எங்கயும் மாட்டாதுன்னு நினைக்கிறீங்களா? இங்கதான் மெக்கானிக்கல் படிக்கிறவங்க காலரைத் தூக்கிக்கலாம். ஒவ்வொரு அச்சுக்கும் நடுவுல ஒரு டிஃபரென்ஷியல் இருக்கு. அதோட குணம் விசித்திரமானது. எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ, அதையே சும்மா சுத்த விட்டுடும். முன்னாடி இடது சக்கரமும் பின்னாடி வலது சக்கரமும் அந்தரத்துல தொங்கினா, அந்த ரெண்டும் ஜாலியா சுத்தும், தரையில இருக்கிற ரெண்டும் கம்முனு நிக்கும். நாலு சக்கர வண்டி நடுக்காட்டுல பொம்மையாகிடும். இதுக்கு மருந்துதான் டிஃப் லாக். அச்சோட ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டிடும். ஃபோர்ஸ் கூர்க்காவுல முன்னாடி, பின்னாடி ரெண்டுக்கும் கம்பெனியே பூட்டு வச்சுக் கொடுக்குது. ஜிம்னியில பூட்டு கிடையாது. சும்மா சுத்துற சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, பவரை அடுத்த சக்கரத்துக்குத் திருப்பி விடுற வித்தை இருக்கு. வண்டி வாங்கறப்போ சன்ரூஃப் இருக்கான்னு கேட்காம இதைக் கேளுங்க.

இந்த ஜீப் பூர்வீகத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம். 1940-ல அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர இழுவை வண்டி கேட்டுச்சு, முதல் மாதிரியைச் செஞ்சு காட்ட 49 நாள்தான் டைம்னுச்சு. பாண்டம்னு ஒரு சின்ன கம்பெனி சொன்ன நேரத்துல செஞ்சு கொடுத்துச்சு. ஆர்டர் மட்டும் பெரும்பாலும் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயிடுச்சு. (அசைன்மென்ட் எழுதினது ஒருத்தன், மார்க் வாங்கினது இன்னொருத்தன். காலேஜுக்கு வெளியிலயும் நடக்குது பாருங்க.) அந்த வில்லிஸ் ஜீப்பை 1940-களோட கடைசியில நம்ம நாட்டுல பூட்ட ஆரம்பிச்சவங்கதான் மஹிந்திரா. அந்த வம்சம்தான் 2010-ல 'தார்' ஆச்சு, 2020-ல புது உருவம் எடுத்துச்சு. 1985-ல வந்த மாருதி ஜிப்ஸி தனி ரகம். எடை கம்மி, பெட்ரோல், போற இடமெல்லாம் ஆடு மாதிரி தாவும். அதை நிறுத்தி சில வருஷம் ஆச்சு, ஆனாலும் செகண்ட்ஸ் மார்க்கெட்ல அதுக்கு இன்னும் மவுசு குறையல.

ஆனா பாஸ், ஜீப்புன்னா என்னன்னு தெரியணும்னா ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி போடிநாயக்கனூருக்குப் போங்க. தேனி மாவட்டம். விடியறதுக்கு முன்னாடி டீக்கடை ஓரமா நின்னு பாருங்க. பழைய கமாண்டர், மேஜர் ஜீப்புகள் வரிசையா நிக்கும். தூக்குவாளியும் கையுமா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற அக்காமாருங்க ஏறுவாங்க. வண்டி போடிமெட்டு வளைவுகள்ல ஏறி இடுக்கிப் பக்கம் இறங்கும். சாயங்காலம் திரும்பி வரும். வருஷம் பூரா இதேதான். அந்த டிரைவர் அண்ணன்களுக்கு இது 'அட்வென்ச்சர்' இல்ல, சோறு. அவங்க வண்டியில நாலு லைட்டு இருக்காது, ஸ்டிக்கர் இருக்காது. பின் ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேர்த்திருப்பாங்க, டயர் மட்டும் பொத்தி வச்ச மாதிரி இருக்கும். மாடிஃபிகேஷன் அவ்வளவுதான்.

அந்த வேலையில உயிர் எவ்வளவு லேசுன்னும் தெரிஞ்சுக்கணும். 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி வயநாட்டுல மானந்தவாடிக்குப் பக்கத்துல, தேயிலைத் தோட்டத்துலேர்ந்து திரும்பின ஒரு ஜீப் பள்ளத்துல விழுந்து ஒன்பது பெண்கள் இறந்துபோனாங்க. மலை ரோட்டு ஜீப்புல எத்தனை பேர் ஏறலாம்ங்கிறது சும்மா ஆர்.சி. புக்குல எழுதி வைக்கிற நம்பர் இல்ல. ஆள் கூடக் கூட வண்டியோட எடை மேல ஏறுது, கவிழ்றது சுலபமாகுது, பிரேக் பிடிச்சா நிக்கிற தூரம் நீளுது. நீங்க டூர் போறப்போ 'இன்னும் ரெண்டு பேர் பின்னாடி தொங்கிக்கலாம் மச்சி'ன்னு சொல்ற வாய்க்கு இந்தக் கணக்கு தெரியாது.

காசு கம்மியா இந்த ஓட்டத்தை அனுபவிக்கணும்னா, போடி தாலுகாவுல இருக்கிற கொழுக்குமலைக்கு ஒரு ட்ரிப் அடிங்க. எஸ்டேட் தமிழ்நாட்டுல, ஜீப் ஏறுற சூரியநெல்லி கேரளாவுல. விடியக்காலை ஜீப்பைப் பிடிச்சு ஏறினா, அந்தப் பாறைப் பாதையில உங்க குடலும் கல்லீரலும் இடம் மாறி உட்காரும். டிரைவர் பக்கத்து சீட்டைப் பிடிச்சுக்கிட்டு சூரிய உதயத்தைப் பார்க்காம அவர் கால்களைப் பாருங்க. கிளட்சை எப்ப தொடறார், எப்ப தொடாம விடறார்ங்கிறதுதான் பாடம். கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே விடாம வெளியே வச்சிருப்பார். கல்லுல சக்கரம் மோதி ஸ்டியரிங் சடார்னு திரும்பினா விரல் தப்பிக்கும். எந்த டிரைவிங் ஸ்கூல்லயும் இதை எனக்குச் சொல்லித் தரல.

இப்ப உங்களுக்குப் பிடிச்ச கட்டத்துக்கு வருவோம். வண்டியை மாத்தறது! வாங்கின மறுநாளே கடைக்கு ஓடி லைட் பார், பெரிய பம்பர், உசத்துற கிட் எல்லாத்துக்கும் பில் போடறவங்க உண்டு. கொஞ்சம் பொறுங்க. கையில பத்தாயிரம் இருந்தா, அதுல ஒரு நல்ல காத்தடிக்கிற குட்டி கம்ப்ரஸரும் பிரஷர் பார்க்கிற மீட்டரும் வாங்குங்க. ஜீப்புக்கு இதைவிட லாபமான மாடிஃபிகேஷன் எனக்குத் தெரிஞ்சு கிடையாது. மணல்லயோ சேத்துலயோ இறங்கறதுக்கு முன்னாடி டயர் காத்தை 32-லேர்ந்து 18, 20-க்கு இறக்கினா, டயர் தட்டையாகி நீளமாப் படியும். எடை பரவும், புதையாது. அஞ்சு நிமிஷம் முன்னாடி திணறின அதே வண்டி சும்மா நடந்து போகும். 15-க்கும் கீழே போனா திருப்பத்துல டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடலாம், ஜாக்கிரதை. திரும்பத் தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி காத்தடிக்கிறது கட்டாயம். அதுக்குத்தான் கம்ப்ரஸர்.

அடுத்து டயர். பெரிய பெரிய பட்டன் வச்ச சேத்து டயர் பார்க்க மிரட்டலா இருக்கும். ஆனா நீங்க ஓட்டப் போறதுல முக்கால்வாசி தார் ரோடுதானே? அதுல அந்த டயர் ஊன்னு ஊளையிடும், மழையில பிரேக் பிடிச்சா வழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஏ.டி. டயரே காலேஜ் பட்ஜெட்டுக்குப் போதும். அளவைக் கூட்டறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஜிம்னியோட கம்பெனி டயர் உயரம் 27 இன்ச்சு சொச்சம். அதுக்கு 29 இன்ச் போட்டா சுத்தளவு ஆறு சதவீதம் கூடுது. மீட்டர் 80 காட்டறப்போ நீங்க நிஜமா 85-ல போறீங்க. பிரேக்குக்கு வேலை கூடுது, இழுவை குறையுது, மைலேஜ் அடி வாங்குது. அதோட சஸ்பென்ஷனையும் உசத்தினா வண்டியோட எடை மையம் மேலே போய், வளைவுல கவிழ்றதுக்குத் தோதா நிக்கும். கண்ணுக்கு அழகா இருக்கிறதுல பாதி ஓட்டறதுக்கு உதவாதது, இது என்னோட அபிப்ராயம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடணும். 2018 கேரள வெள்ளத்துல உசத்தின ஜீப்புகளோட வந்த ஆஃப்-ரோடு பசங்க, மத்த வண்டி போகாத தண்ணிக்குள்ள போய் ஜனங்களை மீட்டாங்க. ஊரே கொண்டாடிச்சு. அடுத்த வருஷம் 2019 ஜனவரியில, அதே கேரளாவுலேர்ந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. அதே வருஷம் சட்டத்துல மாத்தி எழுதின 182ஏ பிரிவு இன்னும் கறார். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். அஞ்சு மாற்றம் பண்ணின வண்டி மாட்டினா கூட்டிக்கோங்க. முன்னாடி கட்டுற அந்த இரும்புக் காப்பு இருக்கே, அதை 2017 டிசம்பர்லயே மத்திய அரசு கூடாதுன்னு சொல்லிடுச்சு. நடந்து போறவர் மேல பட்டா அவர் எலும்பு மிஞ்சாது, மோதுற வேகத்தை ஏர்பேக் சென்சார் சரியா உணராம போகவும் வாய்ப்பு உண்டு. எல்லாத்துக்கும் மேல இன்ஷூரன்ஸ். சொல்லாம மாத்தின வண்டி அடிபட்டா, கிளெய்ம் ஃபார்மை அவங்க திருப்பிக் கையில கொடுத்துடுவாங்க. இன்ஜினை மாத்தறதுக்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். 'எல்லாரும் மாத்தறாங்க, ஒண்ணும் ஆகாது தம்பி'ன்னு பட்டறையில சொல்வாங்க. கோர்ட்டுக்கு அவர் வர மாட்டார்.

அடுத்ததைக் கவனமாப் படிங்க, இதுல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. மாட்டின வண்டியை இன்னொரு வண்டியால இழுக்கிறப்போ, அந்தக் கயிறு வில்லுல இழுத்துக் கட்டின நாண் மாதிரி. கொக்கி பிய்ஞ்சா இரும்புத் துண்டு குண்டு மாதிரி பறக்கும். ட்ரெய்லர் மாட்டறதுக்கு வச்சிருக்கிற உருண்டைத் தலை, பம்பர், ஸ்பிரிங் இதுலயெல்லாம் எந்தக் காரணத்துக்கும் கயிறு கட்டாதீங்க. சேஸிஸோட சேர்ந்த இழுவைக் கொக்கியிலதான் கட்டணும். இழுக்கும்போது கயிறோட நீளத்தைப் போல ஒண்ணரை மடங்கு தூரத்துக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது. அந்தக் கயிறைத் தாண்டுறது, அது மேல கால் வைக்கிறது, பக்கத்துல நின்னு போன்ல வீடியோ எடுக்கிறது, மூணும் வேண்டாம். விஞ்ச் வயர்னா நடுவுல ஒரு கனத்த சாக்கையோ ஜமுக்காளத்தையோ போட்டு வைங்க. அறுந்தா அந்த எடை வயரைக் கீழே அமுக்கும். ஆனா பாதி நேரம் இந்த ஆர்ப்பாட்டமே தேவைப்படாது. ஒரு மண்வெட்டியும் பொறுமையும் இருந்தா போதும், சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மண்ணை வாரிட்டா வண்டி தானா வரும்.

தண்ணிக்கு வருவோம். தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் இறங்கும்னு கம்பெனி சொல்லுது. அது தேங்கின தண்ணிக்கு. ஓடற தண்ணிக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ரெண்டு அடி ஆழத்துல வேகமா ஓடற தண்ணி, டன் கணக்கு எடையுள்ள வண்டியை மிதக்க வச்சு இழுத்துட்டுப் போயிடும். ஐப்பசி, கார்த்திகையில நம்ம ஊர்த் தரைப்பாலத்துல தண்ணி புரளும்போது, 'நம்மது ஜீப்பு, போயிடலாம்'னு இறங்கறது ரொம்பப் பெரிய தப்பு. அடியில பாலம் இருக்கான்னே தெரியாது. தேங்கின தண்ணின்னாலும் முதல்ல ஒருத்தர் கம்பு வச்சு நடந்து பார்க்கணும். நடக்க முடியாத இடத்துல ஓட்டவும் முடியாது. ஸ்நார்க்கல் குழாய் வச்சா நீர்மூழ்கிக் கப்பல் ஆகிடாது. அது இன்ஜின் இழுக்கிற காத்துக்கு மட்டும்தான். உள்ளே ஒரு டம்ளர் தண்ணி போனாலும் சிலிண்டர்ல அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். அதனால தண்ணிக்குள்ள வண்டி அணைஞ்சா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. இழுத்துக் கரையேத்துங்க.

எங்க ஓட்டலாம்? இதுதான் தமிழ்நாட்டுல கஷ்டமான கேள்வி. ரிசர்வ் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டியை விட்டா குற்றம். 1882-லேயே வந்த வனச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. திருச்செந்தூர்ப் பக்கம் செக்கச்செவேல்னு இருக்கிற குதிரைமொழித் தேரியைப் பார்த்தா கை பரபரக்கும், அதுவும் வனத்துறை இடம்தான். கடற்கரை மணலும் வேண்டாம். ஜனவரி தொடங்கி நாலு மாசம் பங்குனி ஆமை நம்ம கரையில ஏறி முட்டையிடும். மணலுக்கு அடியில நூறு முட்டை இருக்கிறது மேலிருந்து தெரியாது, டயர் ஏறினா முடிஞ்சது. சென்னையில 1988-லேர்ந்து மாணவர்கள் ஆமை பாதுகாப்பு அமைப்புன்னு ஒண்ணு இருக்கு, உங்க வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் ராத்திரி நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடந்தே போய் அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறாங்க. அவங்க நடந்த மணல்ல நாம ஜீப் ஓட்டினா நல்லாவா இருக்கும்? மிச்சம் இருக்கிறது தனியார் நிலம், உரிமையாளர் சரின்னு சொன்னா. ஆஃப்-ரோடு கிளப்புகள் அந்த மாதிரி இடத்துலதான் டிராக் போடறாங்க. வண்டி இல்லாதவங்களும் வாலன்டியரா போகலாம், கயிறு இழுக்க ஆள் எப்பவும் தேவை. கோவாவுல 2014-லேர்ந்து நடக்கிற ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்சுக்கு ஒரு தடவையாவது பார்வையாளரா போயிட்டு வாங்க. உங்க கனவு வண்டி மாதிரியே ஒண்ணு சேத்துல பாதி முங்கி நிக்கிறதைப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் அப்புறம் ஆசை அடங்கலையா? அப்ப உங்களுக்கு நிஜமாவே வேணும். நாலு சக்கரமும் இழுக்கிற புது வண்டி பத்து லட்சத்துக்குக் கீழே வராது, செகண்ட்ஸ்தான் வழி. நாலு பேர் சேர்ந்து வாங்கறதா இருந்தா, ஆர்.சி. யார் பேர்ல, சர்வீஸ் செலவு யாரோடது, கோர்ஸ் முடிஞ்சு ஆளுக்கொரு ஊருக்குப் போறப்போ வண்டி யாருக்குன்னு முதல்லயே பேப்பர்ல எழுதிக்கோங்க. நட்பு பெருசு, கிளட்ச் பிளேட் அதைவிடக் காஸ்ட்லி. பழைய ஜீப்பைப் பார்க்கப் போறப்போ பெயின்ட்டைப் பார்க்காதீங்க, அடியில படுத்து சேஸிஸைப் பாருங்க. வெல்டிங் ஒட்டு, துரு, புதுசா அடிச்ச கருப்பு பெயின்ட் மூணுல எது இருந்தாலும் வேற வண்டி பாருங்க. '4எல்' போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பல வருஷமா தொடாத லீவர் வரவே வராது. சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப் போகுதா, எஃப்.சி. எப்ப முடியுது, பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டின்னா பதிவைப் புதுப்பிக்க என்ன ஆகும்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நேர்ல கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க. ராணுவத்துல கழிச்சு ஏலம் விட்ட வண்டின்னு சொன்னா, ஏலப் பேப்பர்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு தாள்கூட விட்டுப்போகாம இருக்கணும்.

வண்டி வந்தாச்சு, முதல் ட்ரிப்பும் முடிஞ்சாச்சுன்னு வைங்க. ஹாஸ்டல் வாசல்ல சேத்தோட நிறுத்தி ரெண்டு நாள் ஷோ காட்டணும்னு தோணும். வேண்டாம். அன்னைக்கே அடிப்பக்கம் தண்ணி அடிச்சுக் கழுவுங்க. பிரேக் டிரம்முக்குள்ள சேறு காஞ்சு கல்லாகிடும், ரேடியேட்டர் முன்னாடி அப்பின மண்ணு அடுத்த வாரம் பைபாஸ்ல இன்ஜினைக் கொதிக்க வைக்கும். தண்ணியில ஆழமா இறங்கினா, டிஃபரென்ஷியல் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கான்னு மெக்கானிக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. வெளுத்திருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு, உடனே மாத்தணும். கழுவுறதுக்கு ஆள் பத்தலைன்னா, ட்ரிப் முழுக்கப் பின் சீட்டுல தூங்கிட்டு வந்தவனை எழுப்புங்க.